பூங்கனி ஒப்புப் போடவில்லை

ஆரல்வாய்மொழியில் இருந்த கம்பளி மில்லில் பூங்கனிக்கும் சூப்பர்வைசர் சத்தியராஜுக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. 2009-இல் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, "கெட்டுனவன் விட்டுட்டுப் போனவளுக்கு வாய் நீளமாத்தான் இருக்கும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான்.

"வேலையப் பத்தி மட்டும் பேசும்" என்றாள் பூங்கனி.

கார்டிங் மெஷினில் அவளுக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் ரோமத்தை அது சீவி, நூற்பதற்குத் திரியாக விடும். ஆட்டு ரோமம் சுருண்டு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அல்பாக்கா என்ற மலை மிருகத்தின் ரோமமோ வழுக்கும். காற்று காய்ந்திருந்தால் உருளையில் அப்பித் திரி அறுந்துபோகும். அதனால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து தெளித்துத்தான் மெஷினில் போட வேண்டும்.

ஆனி மாதக் காற்றில், வேலை வேகமாக முடியட்டும் என்று சத்தியராஜ் தெளிப்பை நிறுத்தினான். திரி அறுந்துகொண்டே இருந்தது. தெளிக்காததுதான் காரணம் என்று பூங்கனி அவனிடம் போய்ச் சொன்னாள். மறுநாளே அவளை ரோமம் கழுவும் தொட்டிக்கு மாற்றினான். புழுக்கையும் கொழுப்பும் நாறும் வெந்நீரில் இரண்டு மாதம் நின்றாள். விரலிடுக்குகள் புண்ணாயின. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

ஆனியில் அவள் ஓட்டிய திரியில் நூற்று, சால்வை நெய்ய அனுப்பிய அல்பாக்கா நூல் ஆவணியில் திரும்பி வந்தது. ஓரிடம் தடிப்பு, ஓரிடம் நைந்த இழை. 'என் கவனக்குறைவால் கெட்டது' என்று எழுதிய தாளைக் கையெழுத்துக்காகச் சத்தியராஜ் அவளிடம் நீட்டினான்.

"ஒப்புப் போடுட்டி. இல்லேன்னா நாளைக்கு வராண்டாம்."

தாளோடு மேனேஜர் ரீத்தாவின் அறைக்குப் போனாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

"மேடம், தெளிக்காம ஒரு மூட்டை ஓட்டிப் பாருங்க. தெளிச்சும் ஒண்ணு ஓட்டுங்க."

"இவ என்ன இஞ்சினியரா?" என்றான் அவன்.

ரீத்தா மெஷினுக்கு நடந்தாள். தெளிக்காத மூட்டையில் திரி பத்து நிமிடத்தில் பதினொரு தடவை அறுந்தது. தெளித்தது கடைசிவரை ஓடியது. காற்றுதான் காரணம் என்றான் சத்தியராஜ்.

"காத்து ரெண்டு தடவையும் ஒண்ணுபோலத்தானே அடிச்சுது" என்றாள் ரீத்தா.

முதலாளிக்குச் சொந்தக்காரன் என்பதால் அவனுக்கு வேலை போகவில்லை, குடோனுக்கு மாற்றினார்கள். பூங்கனி மறுபடியும் மெஷினுக்கு வந்தாள். அவளிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவனுக்குப் பயந்து, மற்ற பெண்கள் அவளோடு சாப்பிட உட்காருவதைக்கூட விட்டுவிட்டார்கள். அவளும் யாரையும் கூப்பிடவில்லை.

ஐந்து வருடம் கழித்து நாகர்கோவில் பஸ்ஸில் சத்தியராஜ் அவள் பக்கத்து சீட்டுக்கு வந்தான். "பூங்கனி, நடந்தத மறந்துரு" என்றான்.

"உமக்க மூஞ்சியப் பாக்கதுக்கு எனக்கு இஷ்டமில்ல" என்று எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாள்.