ஒருக்களித்த கதவு

பக்கத்து வீட்டு பேபி அக்கா முக்கியமான எதையும் சொல்வதற்கு முன் எழுந்துபோய் வாசல் கதவை ஒருக்களித்து வைப்பார். நாங்கள் கொரட்டூர் வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். அப்படிச் சொன்னதெல்லாம் என் நன்மைக்குத்தான் என்று நம்பினேன்.

அவர் மகள் சிம்ரனும் என் மகள் அருள்மொழியும் அரசுப் பள்ளியில் ஒரே வகுப்பு. அருள்மொழிதான் எப்போதும் முதல். இருவருக்கும் டாக்டர் ஆசை. எட்டாவது முடிந்ததும் அக்கா கதவை ஒருக்களித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னாடி, இவ்ளோ படிக்கிற பொண்ண கவர்மெண்ட் ஸ்கூல்ல வச்சிகினு கீற? இங்கிலீஷ் வர்லன்னா டாக்டராவாளா? பிரைவேட்ல போடு. எம்பொண்ணு மக்கு, அது இங்கியே கெடக்கட்டும்."

நான் ஆறாவதோடு நின்றவள். அக்கா சொன்னபடியே சேர்த்தேன்.

இந்த வருஷம் நீட்டில் அருள்மொழிக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆனால் இடம் சிம்ரனுக்குக் கிடைத்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்காக வந்த ஒதுக்கீடு அது. சிம்ரன் மேல் எனக்குக் குறையில்லை.

ஸ்வீட் பாக்ஸோடு வந்த அக்காவிடம் கேட்டேன். "அப்பவே தெரியுமாக்கா?"

அன்று அவர் கதவைத் தொடவில்லை. "தெரியும்டி. உன் பொண்ணும் அங்கியே இருந்தா எம்பொண்ணுக்கு எப்டி கெடைக்கும்?"

சிம்ரன் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறாள். அருள்மொழி வீட்டிலிருந்தே மறுபடியும் நீட்டுக்குப் படிக்கிறாள். எவ்வளவு எடுத்தாலும் அந்த ஒதுக்கீட்டில் அவளுக்கு இடமில்லை. நானும் பேபி அக்காவும் பேசிக்கொள்வதில்லை.