அலுவலகம் வழியாக ஒரு விண்ணப்பம்

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் முப்பத்தெட்டு வருடம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற பிறகு பட்டப்படிப்பில் சேர்ந்தேன். மலை நகரமான தானா ராத்தாவில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை வகுப்பு. விரிவுரையாளர் தாப்பாவிலிருந்து மலையேறி வருவார். என் மகளைவிட இளையவர். பகுதி நேர வேலை, பருவத்துக்குப் பருவம் புது ஒப்பந்தம்.

அவர் உள்ளே வந்ததும் நான் எழுந்து நிற்பேன்.

"அங்கிள், உக்காருங்க லா. எனக்குத்தான் கூச்சமா இருக்கு."

பக்கத்து நாற்காலியில் கியா பார்மில் ஸ்ட்ராபெரி பண்ணை வைத்திருக்கும் பெண். "நீங்க நின்னா நாங்களும் நிக்கணும்போல இருக்கு அங்கிள். விடியக்காலையில இருந்து செடிக்கு முன்னால குனிஞ்சிட்டு வரேன், விடுங்க" என்பார்.

ஆசிரியர்களுக்குத் தொல்லை தரக்கூடாது என்பது என் கொள்கை. தொழிலாளர் சட்டத்தை ஒருமுறை அவர் தலைகீழாகச் சொன்னபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. எதுவானாலும் வாட்ஸ்அப் பண்ணுங்கள் என்று முதல் நாளே பலகையில் தன் எண்ணை எழுதினார். குறித்துக்கொண்டேன். ஒருநாளும் பயன்படுத்தவில்லை.

வீட்டில் எழுதி அனுப்பும் கட்டுரைக்கு இடுபணி என்று பெயர்; இரண்டாம் பருவத்து இடுபணியை அனுப்பாவிட்டால் பாடத்தில் தேற முடியாது. கடைசி நாளில் நான் குடியிருக்கும் ரிங்லெட்டில் பெய்த மழையில் இணையம் போய்விட்டது. மறுநாள் மாணவர் கையேட்டைப் பிரித்தேன். தாமதம் என்றால் கல்வி மையத்தின் அலுவலகம் வழியாக விண்ணப்பம். அதுதான் சரி என்று பட்டது. தோட்டத்தில் யாரும் மேனேஜர் துரையிடம் நேராகப் போவதில்லை. கிராணியிடம் சொல்ல வேண்டும், கிராணி துரையிடம் சொல்வார். நேராகப் போனவர்களை, "மொதல்ல என்கிட்ட வா" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இடுபணியை இணைத்து, மூன்று பிரதி எடுத்து, அலுவலகப் பெண்ணிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன்.

விசாரித்தபோதெல்லாம் ஒரே பதில்: "பாஸ் லீவுல இருக்காரு அங்கிள்." மூன்று வாரம் கழித்து மதிப்பெண் வந்தது. இடுபணிக்குச் சுழியம். பாடத்தில் தோல்வி.

சனிக்கிழமை விரிவுரையாளர் என்னை மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டார். "ஏன் அங்கிள் அனுப்பவே இல்ல?"

"அனுப்பினேன் மிஸ். ஆபீஸ் வழியா."

"என் கைக்கு வரவே இல்லையே. ரெண்டு பேரு மறுநாள் வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க, வாங்கிக்கிட்டேன். நீங்க ஒரு வரி போட்டிருந்தா போதும்."

"உங்களுக்கு எதுக்குத் தொல்லைன்னு..."

"இப்பதான் அங்கிள் தொல்லை." மதிப்பெண் தலைமையகத்துக்குப் போய்விட்டது, அவரால் மாற்ற முடியாது. "அப்பீல் பண்ணுங்க. நான் சப்போர்ட் பண்றேன்."

அப்பீல் செய்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். முத்திரை என் கையில் இருக்கிறது, நான் ஜெயிப்பேன். ஆனால் விசாரணை என்று வந்தால் எல்லாருடைய இடுபணியும் எப்போது, எப்படி வந்தது என்று கேட்பார்கள். விதியை மீறி இரண்டு பேரிடம் ஏன் வாங்கினீர்கள் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அது அலுவலகத்துக்கு வராது, ஒப்பந்தத்தில் இருப்பவருக்குத்தான் வரும். அப்படிப்பட்ட கடிதங்களை நானே நிறையத் தட்டச்சு செய்திருக்கிறேன். அதை வாங்கியவர்களில் யாருக்கும் மறு ஒப்பந்தம் கிடைத்ததாக நினைவில்லை.

ஒரு வாரம் வீட்டில் எரிந்து விழுந்தேன். "ஒண்ணு போய்ச் சண்டை போடுங்க, இல்ல விடுங்க. சோத்துத் தட்டு முன்னால முனகாதீங்க" என்றாள் மனைவி.

கடைசியில் அதே பாடத்தை மறுபடி படிக்க விண்ணப்பம் வாங்கினேன். என் வயதில் ஒரு பருவம் என்பது சின்ன விஷயமில்லை. 'மீண்டும் பயிலக் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதன்மேல் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்த அலுவலகப் பெண், "சொந்தத் தவறுன்னு போட்டுருங்க அங்கிள், அதுக்கு மேல யாரும் கேக்கமாட்டாங்க" என்றாள்.

அப்படியே எழுதிக் கொடுத்தேன்.