பெயின்டர் வீட்டு ஸ்டார் டிரைவர்

கிட்ட வந்து உட்காருங்க, ரோட்டுல பஸ் சத்தம் ஜாஸ்தி. மிக்சி, கிரைண்டர் ரிப்பேர்ல மோட்டாரைக் கழட்டுறது லேசு. மழுங்கின ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை வச்சு யாரோ தலையைத் தேய்ச்சு வச்ச ஸ்க்ரூவைக் கழட்டுறதுதான் பெரும் பாடு. நீங்களும் ஒரு ஸ்க்ரூவோட மல்லுக்கட்டி உள்ளங்கை சிவந்தவங்கன்னா, என் வயித்தெரிச்சல் புரியும்.

செருப்பு அளவு

சிதம்பரத்துப் பெயின்டர் செல்வம், வேலைக்குக் கடலூர் வந்தப்போ என் ரிப்பேர் கடையில ஏறினான். வீட்டுக் கிரைண்டருக்கு ஸ்டார் டிரைவர் வாங்கணுமாம், எது நல்லதுன்னு கேட்டான். ஒரு கிரைண்டர் ஸ்க்ரூவைக் கையில எடுத்துக்கிட்டு, பக்கத்து ஹார்டுவேர் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒவ்வொரு டிரைவரா ஸ்க்ரூ தலையில வச்சு ஆட்டிப் பார்த்தேன். சின்னது உள்ள கிடந்து ஆடும், பெருசு மேலயே நிக்கும். சரியானது அமுங்கி உட்காரும், டிரைவரைப் படுக்க வச்சுப் பிடிச்சாலும் ஸ்க்ரூ விழாது. அதை வாங்கிக்கிட்டுச் செல்வம் சொன்னான்: “செருப்பு வாங்கக்கூட இவ்ளோ போட்டுப் பார்த்ததில்ல மாமா.”

சந்தனம்

ஆயுதபூஜை முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். செல்வம் பொண்டாட்டி அமுதா போன் பண்ணுச்சு. வீட்ல இட்லி மாவு அரைச்சு விக்கிற பொண்ணு. “மாமா, கல்லு சுத்தல. அரிசி ஊறிப்போய்க் கிடக்கு. நாளைக்கு வளைகாப்பு வீட்டுக்கு மாவு குடுக்கணும், முதல் பெரிய ஆர்டர். இதை விட்டா அடுத்த தெருக்காரிக்குப் போயிடும்.” சிதம்பரத்துக்குப் பஸ்ஸைப் பிடிச்சு ஓடினேன்.

செல்வம் டிரைவரும் கையுமா நிக்கிறான். நுனி, பெயின்ட் டப்பாவை நெம்பி நெம்பி மொட்டையாப் போயிருக்கு. மோட்டார் மூடியில ஒரு ஸ்க்ரூ பாக்கி, தலை பாதி தேய்ஞ்சிருக்கு. உத்துப் பார்த்தா, பள்ளம் பூராவும் பூஜைக்கு வச்ச சந்தனம், சிமென்ட்டாட்டம் காஞ்சு கிடக்கு. டிரைவர் எங்க போய் உட்காரும்? அமுதாகிட்ட ஊக்கு வாங்கிச் சுரண்டினேன். என் டிரைவரை நேரா நிறுத்தி, சுத்தியால மெதுவாத் தட்டினேன். அப்புறம் முக்கால் பலம் அழுத்த, கால் பலம்தான் திருப்ப. கிரீச்சுன்னு கழண்டுச்சு. உள்ள நழுவிக் கிடந்த பெல்ட்டை மாட்டினதும் கல்லு ஓடுச்சு.

அமுதா அரிசியை அள்ளிப் போட்டுக்கிட்டே புருஷனைப் பார்த்துக் கேட்டுச்சு: “நெத்தியில வைக்கிற பொட்டைக் கண்ணுல அப்பினா, அது எப்டிங்க பார்க்கும்?”

டப்பா

தேய்ஞ்சதைத் தூக்கிப் போடுன்னேன். “டப்பா திறக்க ஆகும் மாமா”ன்னான் செல்வம். அமுதா அதை அவன் பெயின்ட் வாளியிலயே போட்டுச்சு. என் பையில இருந்த புதுசு ஒண்ணைக் குடுத்து, உப்புக் காத்துல துரு ஏறும், எண்ணெய்த் துணியில சுத்தி ஈரம் படாம வைம்மான்னேன். அமுதா அதைச் சுத்தி, கவர்ல போட்டு, நேரா அரிசி டப்பாவுக்குள்ள சொருகுச்சு. ஏம்மா இங்கன்னு கேட்டதுக்கு, “இந்த வீட்ல அவுங்க கை படாத இடம் இது ஒண்ணுதான் மாமா.”

இத்தனை வருஷமா நான் டிரைவரைத் துருகிட்டயிருந்து காப்பாத்த எண்ணெயோட அலைஞ்சேன். அமுதா அதைப் புருஷன்கிட்டயிருந்தே காப்பாத்தி, மூடியை அழுத்தி மூடிட்டு மாவு வழிக்கப் போயிடுச்சு.