பத்தியம் காத்த காயம்

என்னைப் போல ஒரு மடையனை மாத்தளையில் தேடிப் பிடிப்பது கஷ்டம். கிடைத்தாலும் அவன் எனக்குச் சொந்தக்காரனாகத்தான் இருப்பான். எழுபது தாண்டிய வயதில் குடலிறக்கத்துக்கு ஒபரேசன் செய்துகொண்டு வீட்டுக்கு வந்த அன்றே பத்தியம் தொடங்கினேன். முட்டை கூடாது, கோழி கூடாது, மீன் வாசமே ஆகாது. கத்தரிக்காயும் தக்காளியும் கிரந்தி, புண்ணைச் சீழ் பிடிக்க வைத்துவிடும். பருப்பு வாயு. மிஞ்சியது ரசமும் புடலங்காயும். "அப்பா, ஒரு முட்டையாவது திங்குங்க" என்று மகள் கெஞ்சினாள். சட்டியைக்கூடத் தனியாக வைக்கச் சொன்னேன்.

முப்பது வயதில் பல்லேபொலயில் மிளகு பறிக்க ஏறி, ஏணியோடு விழுந்து தொடையைக் கிழித்துக்கொண்டபோதும் இதே பத்தியம்தான். தையல் பிரித்த கையோடு மறுபடி ஏணியில் ஏறினேன். அந்தப் பெருமையைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது.

இந்தத் தடவை அவசரம் எனக்காக இல்லை. என் மனைவிக்குப் பாரிசவாதம், இடது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், அங்கிருந்து குளியலறைக்கும் அவளைத் தூக்குவது நான்தான். எனக்கு ஒபரேசன் என்று கண்டியிலிருந்து வந்து நின்ற மகளுக்கு லீவு முடியப்போகிறது. அதற்குள் நான் தூக்கத் தொடங்காவிட்டால் அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போய்விடுவாள். அவர்கள் வீட்டில் இன்னும் ஒரே ஒரு கட்டில் போடத்தான் இடம் உண்டு; எனக்கு இல்லை.

தையல் பிரித்ததும் காயம் வாயைத் திறந்தது. என்னைப் போலவே, திறந்த வாயை மூடத் தெரியாத காயம். கிளினிக்கில் யாழ்ப்பாணத்து இளம் டொக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா சாப்பிடுறனீங்கள்?" என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்திப் பத்தியத்தை ஒப்பித்தேன்.

"முட்டை, மீன் இல்லாமல் சதை எதில வளர்றது? காயத்தைப் பட்டினி போட்டிருக்கிறியள்."

"முப்பது வயசுல இதே பத்தியத்துலதான் ஆறுச்சுங்க டொக்டர்."

"அப்ப ஆத்தினது உங்கட வயசு."

அன்றிலிருந்து விழுந்து விழுந்து தின்றேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் என்னைக் கண்டால் வேலி தாண்டின. காயம்தான் அசையவில்லை. ஓரம் கொஞ்சம் சேரும், நடுவில் நீர் கசியும். வயதான தோல் மெதுவாகத்தான் சேரும், இரத்தமும் முன்போல ஓடிவராது, மூடினாலும் பழைய பலம் இருக்காது, ஆள் தூக்கும் வேலையை மறந்துவிடுங்கள் என்றார் டொக்டர்.

"ஒரு பூனையையாவது தூக்கலாமா?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மகளின் லீவு முடிந்தது, வேன் வந்தது. மருமகன் என் மனைவியைத் தூக்கி உட்கார வைத்தார். நான் தூக்கும்போது அவள் "மெதுவா, மெதுவா" என்று கத்துவாள்; அவர் தூக்கும்போது அவளிடம் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பதமாகத் தூக்கினார், பாவி. மழை தூறத் தொடங்கியிருந்தது. நான் ஒரு கையால் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள்தான். இது ஆறுன ஒடனே நானே வந்து ஒன்னத் தூக்கிட்டு வந்துருவேன், பாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அடிவயிற்றைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள்.

"கதவச் சாத்துங்க, சாரல் அடிக்குது."