ஆறு தசம் ஒன்பதும் ஒரு கம்பளித் தொப்பியும்

தொப்புள்கொடி ரத்தத்தில் அமிலம் எவ்வளவு என்று அளப்பது கண்டி ஆஸ்பத்திரியொன்றில் என் வேலை. பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. ரிப்போர்ட்டுக்காக வெளியே வாங்குப் பலகையில் காத்துக் கிடந்தவர்களே, கதவுக்கு உள்ளே நானும் அப்படித்தான் காத்துக் கிடந்தேன்.

குமிழி

பிரசவ அறையிலிருந்து யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள். பிள்ளை அழவில்லையாம். சிரிஞ்சைப் பார்த்தேன். உள்ளே காற்றுக் குமிழி. அதோடு அளந்தால் எண் பொய்யாகக் கூடும்; ஆபத்து மறைந்துவிடும். இரண்டு பக்கமும் கவ்வி போட்ட கொடித்துண்டு கிண்ணத்தில் இருக்கும், அதில் மறுபடி எடு என்றேன். முறைத்தாள்.

"உங்களுக்குப் பிள்ளை அழேல்லை எண்டு கவலையில்லை, குமிழிதான் கவலை!"

எடுத்து வந்தாள்.

பத்துக்கு ஏழு

ஏழு தசம் இரண்டு, மூன்று என்றால் நிம்மதி. எண் இறங்க இறங்க அமிலம் கூடும்; ஏழுக்குக் கீழே என்றால் பிள்ளை வயிற்றுக்குள் மூச்சுக்குத் தவித்திருக்கிறது, மூளைக்கும் ஆபத்து. வந்தது ஆறு தசம் ஒன்பது. டாக்டருக்குப் போனில் கத்திச் சொன்னேன். நிமிர்ந்தால் ஜன்னலில் தகப்பன். செல்வம், கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை. பிறந்ததும் பத்துக்குப் புள்ளி போடுவார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அது வேறு கணக்கு. அவர் முகம் மலர்ந்தது.

"ஏழு கிட்ட வந்துருச்சா? எங்க குடும்பத்துல யாரும் அவ்வளவு எடுத்ததில்லைங்க!"

டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்றேன்.

தொப்பி

மறுநாள் மார்கழிப் பனி. செல்வம் கம்பளித் தொப்பியோடு வந்தார். கண்டியில் பிள்ளை பிறந்தால் முதலில் தொப்பி, பிறகுதான் பெயர். இங்கேயோ பிள்ளையைக் குளிர வைத்திருக்கிறார்கள். நர்ஸ் தொப்பியை வாங்கவில்லை.

"புள்ளய விறைக்க வைக்கிறாங்க சார்!"

"அந்த எண் மார்க் இல்லை. பிள்ளை பட்ட பாடு. உடம்பைக் குளிர்த்தினால் மூளைக்கு மேலும் சேதம் வராமல் தடுக்கலாம். மூன்று நாள். பிழைத்துக் கொள்ளும் என்றுதான் செய்கிறார்கள்."

தொப்பியை என் மேசையில் வைத்தார்.

"அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டுங்க."

மார்க்

மூன்று நாள் கழித்து பிள்ளையின் உடம்பைச் சூடாக்கிய பிறகு செல்வம் ஓடி வந்தார். "தொப்பியக் குடுங்க! பால் குடிக்கிறா, அழுதா வார்டே அதிருது!" டாக்டர் உறுதி எதுவும் கொடுக்கவில்லை, கிளினிக்குக்கு வரச் சொன்னார். ஒன்றரை வருடம் போனார்கள். ஒரு நாள் என் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் பிள்ளை நடந்தே வந்தது. பின்னால் செல்வம். குனிந்தேன். என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது.

"இப்ப மார்க் போடுங்க சார்!"

இத்தனை வருட வேலையில் நான் பார்த்த ஒரே பிள்ளை அது, கண்ணாடி இல்லாததால் அதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை.