‘ங்க’வுக்கு ஒரு மூச்சு

அன்று காலை என் மனைவிக்கு நாக்கு தடித்துக்கொண்டது. ரத்த அழுத்தத்துக்குப் புதிதாக மாற்றிக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

“ஏனுங்க, பேச்சு கொழறுதுங்க” என்றாள்.

“நீ பேசற பேச்சுக்கு நாக்கு வீங்காம என்ன பண்ணும்?” என்று கிண்டல் செய்தேன். பீளமேட்டில் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பயந்தால் இன்னும் மோசம். அவளை உள்ளே கொண்டுபோன அவசர சிகிச்சை அறையின் கதவுக்கு வெளியே நான் போட்ட கூச்சல் அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன வயது.

“மாஸ்க் வெச்சு அழுத்தினா காத்து உள்ள எறங்கலீங்க. வாய் வழியா குழாய் உட்டுப் பாத்தோம், போகலீங்க. உங்களைக் கேக்க நேரமில்லீங்கப்பா. கழுத்துல கீறி, அங்கயே மூச்சுக்கு வழி பண்ணிப்போட்டேன். இப்ப மூச்சு நல்லா வருதுங்க.”

கும்பிட்டேன்.

கழுத்துக் குழாய் வழியாகவே காற்று போய் வந்ததால் அவளுக்குக் குரல் எழவில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் மோதிரத்தைத் தட்டுவாள். ஓடிப்போய் நிற்பேன். ஆனாலும் அந்த ‘ஏனுங்க’ காதில் விழாமல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குரல் திரும்புமா என்று டாக்டரம்மாவைத் தினமும் நச்சரித்தேன். வீக்கம் வடியட்டும் என்பார்.

வடிந்தது. குழாயின் வாயை விரலால் மூடிக்கொண்டு பேசிப் பார்க்கச் சொன்னார். “மூச்சு பத்தாதுங்கம்மா. சுருக்கமா ஏதாச்சும் சொல்லுங்க, போதும்.”

நான் முந்திக்கொண்டு அவளிடம் சொன்னேன். “எனக்கு ‘ங்க’ எல்லாம் போடாத அம்மணி. வா, போன்னே சொல்லு. பேரைச் சொல்லிக்கூடக் கூப்புடு.”

அவள் விரலை வைத்தாள்.

“சாப்டீ...”

அதோடு மூச்சு தீர்ந்துபோனது. புரிந்துவிட்டது, போதும் என்று தலையாட்டினேன். முறைத்தாள். விரலை எடுத்து, நிதானமாக மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபடி வைத்தாள்.

“...ங்களா?”

“இல்லீங்க” என்றேன். ஊருக்கெல்லாம் போடுகிற ‘ங்க’வை நான் அவளுக்குப் போட்டது அன்றுதான்.