அமலி டீச்சரின் மூன்று மொச்சை

அமலி டீச்சர் போய்விட்டார்.

காலை ஏழே காலுக்குத் தலைமையாசிரியர் அழைத்துச் சொன்னார். நாளை மாலை நான்கு மணிக்கு டீச்சரின் ஊரான ராயப்பன்பட்டியில் நல்லடக்கம். கையோடு இதையும் சொன்னார்: "பள்ளிக்கூடத்து சார்புல நீங்கதான் ஐயா பேசணும். ஒங்கள விட்டா வேற யாரு பேசுவாக?"

பிறகு அழைக்கிறேன் என்றேன். ஒலிவாங்கியைக் கண்டால் விடாதவன், கைப்பேசியைப் பிடித்தபடி வாசலில் நின்றேன்…

என்னை மேடையில் மட்டுமே அறிந்த நண்பர்களுக்காக: அமலோற்பவம் என்பது அவருடைய முழுப்பெயர். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் நடுநிலைப் பள்ளியில் நான் தமிழ், அவர் அறிவியல். மேடையில் பிறமொழிச் சொல்லைத் தொடக் கூசும் நானும் அவரை 'டீச்சர்' என்றுதான் அழைத்தேன். வேறு எந்தச் சொல்லும் அவருக்குப் பொருந்தவில்லை.

பதினோரு ஆண்டுகள் அடுத்தடுத்த வகுப்பறை. இடையில் ஒரு சுவர். என் குரல் அந்தச் சுவரை ஒருநாளும் மதித்ததில்லை.

"அண்ணே, நீங்க நடத்துற நடத்துல எங் கிளாஸ் பிள்ளைகளும் சேந்து தமிழ்ல பாஸாயிரும்" என்பார்.

பாடப்புத்தகங்கள் மாறின. வகுப்பறைச் சுவரில் கணினித் திரை ஏறியது. பயிற்சிக்குப் போய்த் திரும்பிய பேருந்தில் அவர் சொன்னார்: "எல்லாம் மாறிருச்சுண்ணே… நம்ம வாய்தான் மாறல."

மறுவாரம் ஒரு டப்பா நிறையக் காய்ந்த மொச்சையோடு ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தார்.

ஆளுக்கு மூன்று மொச்சை. ஒருமுறை பேசினால் ஒன்றை மேசைமேல் வைத்துவிட வேண்டும். மூன்றும் தீர்ந்தால், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆசிரியருக்கும் மூன்றுதான். அங்கேதான் எனக்குச் சினம் மூண்டது.

"ஆசிரியனின் நாவைக் கட்டிப்போடுவதா கல்வி? இதுவா புதுமை?" ஆசிரியர் அறை அதிரக் கேட்டேன்.

அவர் சோற்று டப்பாவை நிதானமாக மூடினார். "நேத்து ஏழாங்கிளாஸ்ல நீங்க நாப்பது கேள்வி கேட்டீக. செவத்துக்கு அங்குட்டிருந்து எண்ணுனேன். நாப்பதுக்கும் நீங்களே பதில் சொல்லிட்டீக. அப்ப பிள்ளைக எதுக்குண்ணே வந்துச்சு?"

நான் வீம்புக்காரன். மறுநாளே அவரிடம் மூன்று மொச்சை வாங்கிக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போனேன்.

வணக்கம் சொன்னேன்… ஒன்று. பாடத்தின் பெருமையை உரைத்தேன்… இரண்டு. "ஆகவே, மாணவச் செல்வங்களே" என்றேன்… மூன்று. நூலைத் திறக்கக்கூட இல்லை.

இரண்டாம் வரிசையில் பாண்டிச்செல்வி எழுந்தாள். ஆறாம் வகுப்பு முழுவதும் வாயே திறவாத பிள்ளை.

"ஐயா… ஒங்க மொச்சை தீந்துருச்சு."

அதைச் சொல்லிவிட்டு, முறைப்படி தன் மொச்சை ஒன்றை மேசைமேல் வைத்தாள். வகுப்பே சிரித்தது. சுவருக்கு அப்பாலும் ஒரு சிரிப்பு.

பெற்றோர் கூட்டத்தில் இது வெடித்தது. எங்கள் பக்கம் பெற்றோர் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டித்தான் படிப்பை அளப்பார்கள். பக்கம் நிறைந்திருக்க வேண்டும், சிவப்பு மை தெரிய வேண்டும். அமலி டீச்சரின் வகுப்பு நோட்டில் பாதி வெறுமை.

பாண்டிச்செல்வியின் அப்பா திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிப்பவர். எழுந்து நின்றார். "நோட்டு வெறுசாக் கெடக்கு டீச்சர். மொச்சை எண்ணவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்? பழையபடி எழுதிப்போடுங்க. இல்லாட்டி டிசி குடுத்துருங்க."

டீச்சருக்காக வாதாட நான்கு பக்க உரை என் சட்டைப்பையில் இருந்தது. நான் எழப்போனேன். அவர் கண்ணாலேயே உட்காரச் சொல்லிவிட்டு, அந்த மனிதரின் கையில் மூன்று மொச்சையை வைத்தார்.

"திட்டுறதுக்கும் இதுதான் கணக்குண்ணே."

கூட்டம் சிரித்தது. பாண்டிச்செல்வியின் அப்பா திட்டியே இரண்டைச் செலவழித்தார். மூன்றாவதை உள்ளங்கையில் உருட்டினார்.

"முந்தாநா எம்மக கேக்குறா… 'நீ மருந்தடிச்ச மறுநா மழை பேஞ்சா, அந்த மருந்து எங்க போகும்ப்பா'னு. இத்தனை வருசமா அடிக்கிறேன், எனக்குத் தெரியல. எங்க போகும் டீச்சர்?"

மூன்றாவது மொச்சையை மேசைமேல் வைத்தார். டிசி பேச்சு அதன்பின் எழவே இல்லை. என் நான்கு பக்கமும் மடித்தது மடித்தபடியே வீடு திரும்பியது.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கடினம்…

சென்ற வாரம் மதுரை மருத்துவமனையில் இருந்த டீச்சரைக் கைப்பேசியில் அழைத்தேன். துணிவு பற்றிப் பேசினேன். மருத்துவத்தின் வளர்ச்சி பற்றிப் பேசினேன். ஏழாம் வகுப்பு காத்திருக்கிறது என்றேன். இருபது நிமிடம். அந்தப் பக்கம் "ம்… ம்…" மட்டும்.

நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவர் சொன்னார்: "அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க டீச்சர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முதலில் உடம்பைத் தேற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றும் சேர்த்துவிட்டேன்.

சிரித்தார். "சரிண்ணே. பெறகு சொல்றேன்."

பிள்ளைகளைப் பற்றியா? மொச்சை டப்பாவைப் பற்றியா? அல்லது வெறும் கேலியா? காலையிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சற்று முன்தான் தலைமையாசிரியரைத் திரும்ப அழைத்தேன். நாளை பாண்டிச்செல்வி பேசட்டும், இப்போதைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பேசட்டும், நான் வந்து அமர்ந்திருக்கிறேன் என்றேன்.

"பேசாமயா? நீங்களா?" என்றார்.

ஆம். நானேதான்.

போய் வாருங்கள், டீச்சர். மூன்று மொச்சையும் சட்டைப்பையிலேயே இருக்கும்… சொல்ல வந்ததைச் சொல்லுங்கள். குறுக்கே பேசமாட்டேன்.